எடுத்துக்கொடுக்க ஓர் ஆள்

மதினியின் வலது கணுக்காலுக்குக் கீழே, பாதத்தின் உட்பக்கம், புளியங்கொட்டை அளவுக்கு ஒரு காய்ப்பு உண்டு. அண்ணனுக்குக் கல்யாணம் முடிந்து அவள் எங்கள் வீட்டுக்கு வந்த அன்று, புதுப்பெண்ணைப் பார்க்க வந்த தெருப் பெண்கள் நகையைப் பார்த்தார்கள், சேலையைப் பார்த்தார்கள், கடைசியில் எப்படியோ அந்தக் காய்ப்பையும் பார்த்துவிட்டார்கள். பிள்ளைக்குக் காலில் ஆணியா, மருந்து வைத்தீர்களா என்று என் அம்மாவிடம் துக்கம் விசாரிப்பதுபோல் கேட்டார்கள். அம்மாவுக்கு முகம் சுண்டிப்போயிற்று. மதினி எழுந்துபோய்ப் பெட்டியைத் திறந்து பிடிலை எடுத்துவந்தாள். பட்டுச்சேலையோடு தரையில் உட்கார்ந்து, வலது காலை நீட்டி, பிடிலின் தலையை அந்தக் காய்ப்பின்மேல் ஊன்றி, மறுமுனையை நெஞ்சோரம் சாய்த்துக்கொண்டு, வில்லை ஒரே ஒரு இழுப்பு இழுத்தாள். அவ்வளவுதான், வீடு கப்சிப். பதினேழு வருஷமாக அந்தப் பிடில் உட்கார்ந்த இடம் அது என்பது யாரும் சொல்லாமலே எல்லாருக்கும் விளங்கியது. அவளுக்கு நாத்தனாரான எனக்கு அப்போது பத்தொன்பது வயது. அந்த ஒரு இழுப்பிலேயே நான் மதினி கட்சிக்குப் போய்விட்டேன்.

அண்ணன் கோவில்பட்டியில் மைக்செட் கடை வைத்திருந்தான். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. கடையின் பின்பாதியில் குழாய் ஸ்பீக்கர்களும் வயர்ச் சுருள்களும். முன்பாதி என் ராஜ்ஜியம். சீட்டில் பாட்டு வரிசையை எழுதிக்கொண்டு வருவார்கள், நான் இரண்டு டெக்கை இணைத்து அறுபது நிமிஷக் கேசட்டில் ஏற்றிக் கொடுப்பேன். அண்ணன் வாய் திறப்பது மைக் முன்னால் மட்டும்தான். 'ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன் டூ த்ரீ.' அதற்குமேல் அவன் பேசியதாக ஊரில் சாட்சி கிடையாது. அப்பேர்ப்பட்டவன் எட்டயபுரத்தில் ஒரு கச்சேரிக்கு மைக் கட்டப் போய், பாடுகிறவரின் மைக்கை விடப் பிடில் மைக்கை ஏற்றி வைத்துவிட்டான். பாட்டுக்காரர் மேடையிலிருந்தே கையை இறக்கி இறக்கிக் காட்டுகிறார். இவன் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டு நிற்கிறான். கச்சேரி முடிந்ததும் பாட்டுக்காரர் இவனைப் பிடித்து விளாசு விளாசு என்று விளாசியபோது, பிடில் வாசித்த பெண் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாளாம். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் பெண் கேட்டுப் போனார்கள். ஆறே மாதத்தில் கல்யாணம்.

மதினி முறையாகப் படித்தவள். எட்டு வயதில் தொடங்கி, வர்ணம், கீர்த்தனை என்று படிப்படியாக ஏறி, மதுரையில் நாலு வருஷம் தங்கிப் பட்டம் வாங்கி, ஊர் ஊராகப் பக்கவாத்தியம் வாசித்து வந்தவள். பக்கவாத்தியக்காரரின் வேலை என்னவென்று அவள்தான் எனக்குச் சொன்னாள். பாடுகிறவரின் இடது கைப்பக்கம் உட்கார்ந்து அவர் வாயையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அவர் ராகத்தில் ஒரு வளைவு வளைந்தால், அரை மூச்சு பொறுத்து, அதே வளைவைப் பிடிலில் திருப்பிக் கொடுக்க வேண்டும். அடுத்து என்ன பாடப்போகிறார் என்று தெரிந்தாலும் தெரியாததுபோல் இருக்க வேண்டும். சுரம் தப்பினால்கூட மன்னிப்பு உண்டாம். பாடுகிறவரை முந்திவிட்டால் மட்டும் மன்னிப்பே கிடையாதாம். இதைச் சொல்லும்போது ஏதோ கொலைக்குற்றத்தைப் பற்றிச் சொல்வதுபோல் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

இந்தப் பழக்கம் பிடிலோடு நின்றிருந்தால் பரவாயில்லை. சாப்பிட உட்கார்ந்தால் யாராவது முதல் கவளத்தை எடுக்கிறவரை அவள் கை தட்டில் படாது. பஸ் ஸ்டாண்டு ரோட்டைக் கடக்க வேண்டுமென்றால் முன்பின் தெரியாத ஆளாக இருந்தாலும் சரி, ஒருவர் காலை எடுத்து வைத்த பிறகுதான் இவள் எடுத்து வைப்பாள். யார் வீட்டுக்குப் போனாலும் அவர்கள் பேச்சைத் தொடங்குகிற வரை சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாள். அண்ணன் பேசவே பேசாதவன். இவள் யாராவது தொடங்கினால் மட்டும் பேசுகிறவள். இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து காபி குடிக்கிற காட்சி இருக்கிறதே, அதைப் பார்த்துச் சிரிப்பை அடக்க முடியாமல் நான் அடுக்களைக்கு ஓடுவேன்.

அவள் சொந்தமாகப் பாட்டுக் கட்டுகிறாள் என்று எனக்குத் தெரிந்தது ஒரு மழைநாளில். எங்கள் பக்கத்து மழையைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மாதக்கணக்கில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிற கரிசல் மண் ஒரே மழையில் அல்வா மாதிரி ஆகிவிடும். காலை வைத்தால் கால் திரும்பி வரும், செருப்பு வராது. அன்று கடைக்கு ஒரு ஈ காக்கை இல்லை. புதிதாக வாங்கிய மைக்கை டெக்கில் மாட்டி, வெறும் கேசட்டைப் போட்டு, பதிவாகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். எதிர்க்கடையிலிருந்து கூப்பிட்டார்கள். ஓடுகிற கேசட்டை அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டேன். ஊர்க்கதையெல்லாம் பேசி முடித்துத் திரும்பி வந்து, கேசட்டைப் பின்னால் ஓட்டிக் கேட்டால், முதலில் மழைச் சத்தம். அப்புறம், மதினி பாய் விரித்து வாசித்துப் பழகுகிற கடையின் பின்பாதியிலிருந்து பிடில். அப்புறம், அரை மூச்சு கழித்து, ஒரு குரல்.

பத்து மாசம் வெடிச்சுக் கெடந்த மண்ணு
ஒத்த மழையில உருகிப்போயி நின்னு
செருப்பப் பிடிச்சுக்கிட்டுப் போகாதங்குது – என்
செருப்பப் பிடிச்சுக்கிட்டுப் போகாதங்குது

சத்தியமாகச் சொல்கிறேன், அது யார் குரலென்று எனக்கு முதலில் தெரியவில்லை. கொஞ்சம் கரகரப்பு, கொஞ்சம் வெட்கம். ஆனால் சுருதி இம்மி பிசகவில்லை. ராகம் ஆனந்தபைரவி என்று பிற்பாடு சொன்னாள். எனக்கு ராகமாவது தாளமாவது! கையில் மயிர் குத்திட்டு நின்றது. புகுந்த வீட்டுக்கு வந்த ஒரு பெண், பிறந்த ஊரைப் பற்றியா பாடுகிறாள், இந்த ஊரைப் பற்றியா என்று சொல்ல முடியாத பாட்டு. ஏழெட்டுத் தடவை போட்டுக் கேட்ட பிறகு ஒன்று பிடிபட்டது. அந்தப் பாட்டில் பிடில் முன்னால் போகிறது, குரல் அதன் பின்னால் வருகிறது. தான் கட்டிய பாட்டையே யாரோ எடுத்துக்கொடுத்ததுபோல் நினைத்துக்கொண்டு அவள் பின்பாட்டுப் பாடியிருக்கிறாள்.

நான் செய்தது திருட்டுத்தனம்தான், ஒத்துக்கொள்கிறேன். கேசட்டில் ஒரு பக்கத்துக்கு ஆறு ஏழு பாட்டு ஏற்றினால் கடைசியில் இரண்டு மூன்று நிமிஷம் காலியாக மிஞ்சும். பதிவுக்கடைக்காரர்கள் அதை வெறுமனே விட்டுவிடுவார்கள். நான் அந்த மிச்ச இடத்திலெல்லாம் மதினியின் செருப்புப் பாட்டை ஏற்றத் தொடங்கினேன். சினிமாப் பாட்டுக் கேட்டு வந்தவனுக்கும் அது போயிற்று, பக்திப் பாட்டுக் கேட்டு வந்த மாமிக்கும் அது போயிற்று. பத்து நாளில் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். நான் திட்டு வாங்கத் தயாராக நிற்கிறேன். அவர்களோ அந்தக் கடைசிப் பாட்டு எந்தப் படம் என்று கேட்கிறார்கள். புதூர்ப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து தீப்பெட்டி ஆபீஸுக்குப் பெண்களை ஏற்றிவருகிற பஸ்ஸின் டிரைவர் அண்ணாச்சி ஒருபடி மேலே போய், இரண்டு பக்கமும் அந்த ஒரே பாட்டை நிரப்பித் தரச்சொல்லி வாங்கிக்கொண்டு போனார். தீப்பெட்டித் தொழிற்சாலையை எங்கள் ஊரில் யாரும் தொழிற்சாலை என்று சொல்வதில்லை, ஆபீஸ்தான். அந்த ஆபீஸ் பஸ்ஸில் காலையும் மாலையும் செருப்புப் பாட்டு ஓடியது.

கடைசியில் மதினி அதை நடுத்தெருவில் வைத்துக் கேட்டாள். நானும் அவளும் மார்க்கெட்டுக்குப் போய்க்கொண்டிருந்தோம். ஆபீஸ் பஸ் எங்களைத் தாண்டிப் போகிறது, உள்ளே அவள் குரல் பாடுகிறது, ஜன்னலோரப் பெண்கள் கூடச் சேர்ந்து பாடுகிறார்கள். மதினி பையோடு அப்படியே நின்றுவிட்டாள்.  கோபப்படுவாள் என்று பார்த்தால் அவள் முகத்தில் இருந்தது பயம்.

"நான் பாடுதவ இல்லட்டி. பாடுதவங்களுக்கு வாசிக்கவ" என்றாள்.

 ஆனால் ஒரு வாரம் கழித்துக் கடைக்கு வந்தவள், என் முகத்தைப் பார்க்காமல் ஒரு கேசட்டை மேசையில் வைத்தாள். மிச்ச இடம் இருந்தால் போடலாம், இல்லாவிட்டால் வேண்டாம் என்றாள். போட்டுக் கேட்டேன். அண்ணனைப் பற்றிய பாட்டு! 'ஊருக்கெல்லாம் ஒன் டூ த்ரீ சொல்லுவாரு, வீட்டுக்குள்ள வாயைப் பூட்டிக் கொள்ளுவாரு' என்று தொடங்கி, மனுஷனைத் துவைத்துக் காயப்போட்டிருந்தாள். பின்பாதியில் உட்கார்ந்து வயர் சுற்றிக்கொண்டிருந்த அண்ணன் முழுப் பாட்டையும் கேட்டான்.  எழுந்துபோய் இருப்பதிலேயே நல்ல மைக்கைத் துடைத்து எடுத்து, வழக்கமாக அவள் உட்கார்ந்து வாசிக்கிற பாய்க்கு முன்னால், அவள் வாய் உயரத்துக்கு நிறுத்தி வைத்துவிட்டுப் போனான். அதற்குமேல் ஒரு புருஷன் என்ன சொல்ல வேண்டும்?

அடுத்த ஒரு வருஷத்தில் ஏழெட்டுப் பாட்டு சேர்ந்தது. கரண்டு போன நேரத்துப் பாட்டு, பஸ்ஸில் இடம் போட்ட கைக்குட்டையின் பாட்டு, தாலாட்டே தெரியாதவள் பாடுகிற தாலாட்டு. எல்லாமே என் கேசட்டுகளின் மிச்ச இடங்களில் ஏறி ஊரைச் சுற்றின. அதில் ஒன்று யார் கையிலோ மதுரைக்குப் போய், அங்கே ஒரு கேசட் கம்பெனிக்காரர் காதில் விழுந்திருக்கிறது. ஒருநாள் காலை பத்து மணிக்கு அவர் எங்கள் கடை வாசலில் வந்து இறங்கினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஓடிப்போய்க் கலர் சோடா வாங்கி வந்தேன். உட்கார்ந்து எல்லாப் பாட்டையும் கேட்டார். தொடையில் தாளம் போட்டார். இன்னும் இரண்டு பாட்டு சேர்த்துப் பத்தாகக் கொடுத்தால் கேசட்டே போட்டுவிடலாம் என்றார். நான் தரையில் நிற்கவில்லை. அப்போதுதான் அவர் அடுத்ததைச் சொன்னார். குரல் கொஞ்சம் கரகரப்பு. மதுரையில் நன்றாகப் பாடுகிற பெண் ஒருத்தி இருக்கிறாள், அவள் பாடட்டும். நீங்கள் பிடில் வாசியுங்கள். தீப்பெட்டி ஆபீஸில் ஆயுத பூஜைக்கு உங்களைக் கூப்பிட்டிருக்கிறார்களாமே, அங்கேயே அந்தப் பெண்ணைப் பாடவைத்துப் பார்ப்போம், ஜனங்களுக்குப் பிடித்தால் மறுவாரமே பதிவு.

மதினி ஒரு நொடி யோசித்திருக்க வேண்டாமா? "அவிய பாடட்டும், நான் வாசிக்கேன்" என்று உடனே சொல்லிவிட்டாள். முகத்தில் அப்படியொரு நிம்மதி, பரீட்சையைத் தள்ளிவைத்துவிட்டார்கள் என்று கேட்ட பிள்ளையைப்போல. எனக்கு வந்த ஆத்திரத்தில் கலர் பாட்டிலை அவர் கையிலிருந்து பிடுங்கியிருப்பேன். அவர் போனதும் மதினியைப் பிடித்துக்கொண்டேன். உங்கள் செருப்பு சேற்றில் மாட்டியதற்கு மதுரைக்காரி எப்படி அழுவாள் என்று கேட்டேன். உங்கள் புருஷனை அவள் எப்படிக் கேலி செய்வாள் என்று கேட்டேன். பாட்டு உங்களுடையது, வாய் மட்டும் இரவலா என்று கேட்டேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே, மெதுவாகச் சொன்னாள்.

"ஆசை இல்லாம இல்லட்டி. ஆனா எனக்கு எடுக்க வராது. யாராவது எடுத்துக்கொடுத்தா ஆகாசம் வரைக்கும் போவேன். நானா எடுக்கணும்னா நெஞ்சு அடைக்கி."

எடுப்பது என்றால் பாட்டைத் தொடங்குவது. இத்தனை வருஷம் இன்னொருவர் வாயைப் பார்த்தே வாசித்தவளுக்கு, தனியாக இருக்கும்போது பிடிலாவது எடுத்துக்கொடுக்கும்; நாலு பேர் முன்னால், பார்க்க வாய் இல்லாவிட்டால் பாட்டு புறப்படாது. அதற்குமேல் நான் என்ன சண்டை போடுவது?

ஆயுத பூஜை நாள் மத்தியானம். தீப்பெட்டி ஆபீஸில் அன்று வேலை கிடையாது. குச்சி அடுக்குகிற சட்டங்களையெல்லாம் கழுவிக் காயவைத்து, சந்தனமும் குங்குமமும் வைத்து வரிசையாகச் சாய்த்திருந்தார்கள். முன்னூறு பெண்களுக்குக் குறையாமல் இருப்பார்கள். அத்தனை பேரும் புதுச்சேலை, தலை நிறையக் கனகாம்பரம், மடியில் பொரியும் சுண்டலும். முற்றத்தில் பந்தல் போட்டு, பெஞ்சுகளைச் சேர்த்துக் கட்டி, மேலே ஜமக்காளம் விரித்த மேடை. நடுவில் மதுரைப் பாட்டுக்காரப் பெண், அவளுக்கு இடது கைப்பக்கம் மதினி. அண்ணன் ஓரமாக ஆம்ப்ளிபயரோடு உட்கார்ந்திருந்தான். முதலாளி அண்ணாச்சியும் கம்பெனிக்காரரும் முன்வரிசை நாற்காலியில். நான் மேடைக்குப் பக்கத்தில், வெறுப்பை முகத்தில் ஒட்டிக்கொண்டு நின்றேன். அந்தப் பெண்ணைக் குறை சொல்ல மாட்டேன். நல்ல பெண், அருமையான குரல். முதல் இரண்டு பாட்டும் ஒழுங்காகப் போயின, கையும் தட்டினார்கள். மூன்றாவதாகச் செருப்புப் பாட்டை எடுத்தாள். 'போகாதங்குது' என்கிற இடத்தை யாரோ அவளுக்குத் திருத்திக் கொடுத்திருந்தார்கள் போலிருக்கிறது, 'போகாதே என்கிறதே' என்று பாடினாள்.

கடைசி வரிசையில், புதூர் பஸ் பெண்கள் உட்கார்ந்திருந்த பக்கம், ஒரு சலசலப்பு. அடுத்த முறை அந்த அடி வந்தபோது அங்கிருந்து நாலைந்து குரல் 'போகாதங்குது' என்று கிளம்பியது. அதற்கடுத்த முறை பாதிக் கூட்டம். அப்புறம் முன்னூறு பேரும். பந்தலே பாடுகிறது! வேண்டுமென்றே மல்லுக்கு நிற்கவில்லை அவர்கள். தினமும் பஸ்ஸில் பாடுவதை அப்படியே பாடுகிறார்கள். மதுரைப் பெண் பாட்டை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். பாட்டு ஓய்ந்ததும் ஒரு பெண் எழுந்து நின்று, பஸ்ஸில் பாடுகிற குரல் இது இல்லையே, அவர்கள் வரவில்லையா என்று வெள்ளந்தியாகக் கேட்டாள். முதலாளி அண்ணாச்சி கம்பெனிக்காரரைப் பார்க்க, கம்பெனிக்காரர் என்னைப் பார்க்க, நான் மேடைமேல் கையை நீட்டி, "இவியதான்! பிடில் வச்சிருக்காவள்லா, இவியதான்!" என்று கத்தியே விட்டேன்.

அப்புறம் நடந்ததைக் கேளுங்கள். மதுரைப் பெண் எழுந்து மதினியை நடுவில் உட்காரவைத்தாள். தன் மைக்கை நகர்த்தி அவள் வாய்க்கு நேரே வைத்துவிட்டு, ஓரமாகப் போய் உட்கார்ந்துகொண்டாள். கூட்டம் அமைதியானது. மதினி வில்லைத் தந்தியின்மேல் வைத்தாள். வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. எனக்கு உடனே புரிந்துவிட்டது. மேடையில் உட்கார்ந்த பிடில், பாடுகிறவர் தொடங்கட்டும் என்று காத்திருக்கிறது. குரலோ, வழக்கம்போல் பிடில் முதலில் போகட்டும் என்று காத்திருக்கிறது. இரண்டுக்கும் மரியாதை! உலகத்தில் வேறு எந்தப் பாடகிக்கும் இப்படியொரு சங்கடம் வந்திருக்காது. வில் அப்படியே நிற்கிறது. கம்பெனிக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். நான் எடுத்துக்கொடுக்கலாம் என்று வாயைத் திறப்பதற்குள் வேறொரு குரல் எழுந்தது.

"பத்து மாசம்..." என்று கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல்.

முன்பு எழுந்து கேட்ட அதே பெண்தான். சுருதி எங்கோ கிடந்தது, தாளம் எங்கோ போனது, ஆனால் தொடங்கிவிட்டாள். மதினியின் தலை வெடுக்கென்று அந்தப் பக்கம் திரும்பியது. பெரிய பெரிய பாட்டுக்காரர்களின் வாயை எப்படிப் பார்ப்பாளோ, அப்படியே அந்தப் பெண்ணின் வாயைப் பார்த்தாள். அரை மூச்சு. பிடில் அந்தப் பெண்ணின் சுருதிக்கே இறங்கிப்போய் அவளைக் கையைப் பிடித்து மேலே தூக்கிவந்தது, கூடவே குரலும் வந்தது. அம்மாடி, என்ன குரல்! கேசட்டில் வெட்கப்பட்ட கரகரப்பு, அங்கே பந்தலைத் தாண்டி ரோட்டுக்குப் போனது. இரண்டாவது அடியில் கூட்டம் தானாகப் பாடுவதை நிறுத்திவிட்டுக் கேட்கத் தொடங்கியது. கேசட்டில் இல்லாத ஒரு சரணத்தை அங்கேயே கட்டி, சட்டத்தில் குச்சி அடுக்குகிற விரல்களைப் பற்றிப் பாடினாள். ஒரு பெண் பொரியை மடியில் கொட்டிவிட்டு இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டதைப் பார்த்தேன். மதுரைப் பெண் ஓரத்தில் உட்கார்ந்து கையால் தாளம் போட்டுக்கொண்டிருந்தாள். பாட்டு முடிந்ததும் கம்பெனிக்காரர் என் பக்கம் வந்து, அந்தக் கரகரப்பு அப்படியே இருக்கட்டும் என்றார். நான் அவருக்கு இன்னொரு கலர் வாங்கிக் கொடுத்தேன்.

பதிவு மதுரையில். அங்கே வேறு வேடிக்கை. வெளியே நாலு பேர் பார்த்திருக்க, கண்ணாடி அறைக்குள் மதினி தனியாக உட்கார்ந்தால் எடுத்துக்கொடுக்க யார் இருக்கிறார்கள்? சிவப்பு விளக்கு எரிகிறது, நாடா ஓடுகிறது, உள்ளே சத்தமே இல்லை. ஒலிப்பதிவுக்காரர் மைக் கெட்டுவிட்டது என்று நினைத்து வயரைப் பிடுங்கிப் பிடுங்கி மாட்டினார். கடைசியில் என்னை உள்ளே அனுப்பினார்கள். என் குரலைப் பற்றி நானே சொல்லக்கூடாது, கேட்டவர்கள் சொல்வார்கள். ஒவ்வொரு பாட்டுக்கும் முதல் அடியை நான் பாடினேன், மதினி என் வாயைப் பார்த்து, அரை மூச்சு விட்டுப் புறப்பட்டாள். என் பங்கைப் பிற்பாடு வெட்டிவிட்டார்கள். மூன்றாவது பாட்டில் மட்டும் வெட்டு கொஞ்சம் பிசகி, தொடக்கத்தில் என் குரலின் ஒரு துணுக்கு ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஸ்பீக்கரில் காதை வைத்துக் கேட்டால் தெரியும். இசை உலகத்துக்கு என் பங்களிப்பு அதுதான்.

கேசட் ஓடிற்று. சாத்தூர், அருப்புக்கோட்டை, தூத்துக்குடி என்று பஸ் போகிற ஊருக்கெல்லாம் போயிற்று. பக்கவாத்தியம் பாட்டுப் பாடக் கிளம்பிவிட்டதாம் என்று பழைய கச்சேரிக்காரர்கள் சிலர் கேலி பேசினார்கள். மதினியோ கூப்பிட்டவர்களுக்குப் பழையபடி வாசிக்கவும் போனாள், அவர்களை ஒருநாளும் முந்தவும் இல்லை. இரண்டாவது கேசட் வந்தது, மூன்றாவது சிடியாகவே வந்தது. நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி கூட்டத்திலிருந்து ஒரு பெண் முதல் அடியை எடுத்துக்கொடுக்க, மதினி தொடர்ந்து பாடுவது வழக்கமாகிவிட்டது. மக்களையே பாடவைத்துத் தொடங்கும் புதுமை என்று ஒரு பத்திரிகையில் எழுதினார்கள். அதைப் படித்துவிட்டு நானும் அவளும் சிரித்த சிரிப்பில் அம்மா பயந்துபோனாள். இன்றைக்குப் பதிவுக்கடையும் இல்லை, கேசட்டில் மிச்ச இடமும் இல்லை. அவள் பாட்டுகள் போனில் விரல் வைத்தால் வந்துவிடுகின்றன. யாரும் எனக்குச் சீட்டு எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை. அதில் எனக்கு வருத்தமும் இல்லை. அந்தப் பாட்டு இத்தனை பேருக்குப் போகட்டும் என்றுதானே அன்றைக்கு அந்தத் திருட்டுத்தனம் செய்தேன்.

ஆனால் அந்த வருஷங்களில், சிரித்தாலும் பாராட்டினாலும், எங்கள் இரண்டு பேருக்கும் உள்ளுக்குள் தெரியும். எடுத்துக்கொடுக்க ஆள் இல்லாத இடத்தில் மதினியால் ஒரு அடி பாட முடியாது. தெரியாத ஊர்களுக்கெல்லாம் என்னைக் கூட்டிக்கொண்டு போனதே அதற்குத்தான். மேடை ஓரத்தில் ஒரு மைக்கோடு நிற்பேன். கூட்டத்துக்குப் பாட்டு தெரியாவிட்டால் நான் முதல் அடியைச் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்வேன். இரண்டாயிரம் பிறந்து சில வருஷம் கழித்துச் சென்னையிலிருந்து ஒரு பெரிய அரங்கத்தில் பாட அழைப்பு வந்தது. நின்றுகொண்டு, மேல்நாட்டுக்காரர்களைப்போல் பிடிலைத் தாடையில் இடுக்கிக்கொண்டு பாட முடியுமா, பார்க்க நன்றாக இருக்கும் என்று கேட்டார்கள். தாடையில் இடுக்கிக்கொண்டால் வாயை எங்கே திறப்பது என்று மதினி திருப்பிக் கேட்டாள். கோவில்பட்டியில் ரயில் ஏறினோம். புதிதாக ஒன்று கட்டிக்கொண்டிருக்கிறேன், கேட்டுப் பார் என்று ஜன்னலோரம் உட்கார்ந்து முணுமுணுத்தாள். நாலு நாளாக அலைந்த அலைச்சலில், சாத்தூர் தாண்டுவதற்குள் நான் தூங்கிவிட்டேன்.

மறுநாள் சாயங்காலம் அரங்கம் நிறைந்திருந்தது. எங்கள் பக்கத்து முகம் ஒன்றுகூட இல்லை. மெத்தை நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, பாடு பார்ப்போம் என்கிற முகங்கள். செருப்புப் பாட்டில் தொடங்குவதாக ஏற்பாடு. நான் மேடை ஓரத்தில் மைக்கை வாய்க்குக் கொண்டுபோனேன். மதினி என்னைப் பார்த்தாள். வேண்டாம் என்று தலையசைத்தாள். பிறகு தன் மைக்கில், "நேத்து ரயில்ல கட்டுன பாட்டு. இன்னும் யாருக்கும் தெரியாது" என்றாள். எனக்கு உயிரே போய்விட்டது. யாருக்கும் தெரியாது என்றால் எனக்கும் தெரியாது! தூங்கிய தூக்கத்தை நினைத்து என்னை நானே அறைந்துகொள்ளலாம்போல் இருந்தது. உலகத்தில் ஒருவராலும் எடுத்துக்கொடுக்க முடியாத பாட்டை எதற்காக இவள் இங்கே வந்து தொடுகிறாள்? வில் தந்தியின்மேல் நிற்கிறது. வாய் திறந்திருக்கிறது. தீப்பெட்டி ஆபீஸ் பந்தலில் பார்த்த அதே நிலை. ஒரு நொடி, இரண்டு நொடி. யாரோ இருமினார்கள். எப்போதும் அடுத்தவர் வாயைத் தேடுகிற கண்களை அவள் மூடிக்கொண்டாள்.

ரயிலு நிக்காத ஊருல ஒருத்தி
கைய மட்டும் ஆட்டிக்கிட்டு நிக்கா...

குரல்தான். குரல் முதலில் வந்தது. முதல் அடி பாதி தாண்டிய பிறகுதான் பிடில் பின்னால் ஓடிவந்து சேர்ந்தது. அதன்பிறகு என்ன பாடினாள், எத்தனை பாட்டுப் பாடினாள் என்று என்னைக் கேட்காதீர்கள். கையிலிருந்த மைக்கை எங்கோ வைத்துவிட்டு, சிரிக்கிறேனா அழுகிறேனா என்று தெரியாமல் நின்றேன். அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

திரை இறங்கியதும் மதினி பிடிலைக்கூட வைக்காமல் நேரே என்னிடம்தான் வந்தாள். முகமெல்லாம் வியர்வை. என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். தப்பு செய்துவிட்டவளைப்போல் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்.

"ஏட்டி, நான் முந்திட்டேனா?"

"ஆமா மதினி" என்றேன். "முந்திட்டீங்க."